சொட்டுக் கணக்கு: மொடேனாவிலிருந்து பாந்தெல்லேரியா வரை

ஜூன் 10, செவ்வாய் – மொடேனா

இத்தாலியில், போலோன்யாவில் படிக்கும் சித்தி பையனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் ஆபீசில் லீவு வாங்கினேன். அவனைப் பார்க்கவும் செய்தேன். ஆனால் மனசில் இருந்தது வேறு. சென்னையில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் இறக்குமதி அலமாரியில் கால் லிட்டர்கூட இல்லாத இத்தாலியச் சமையல் சரக்குப் புட்டிகள் ஆயிரக்கணக்கில் விலை ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை எங்கே பிறக்கின்றன, அந்த விலைக்குத் தகுமா என்று நேரில் பார்த்துவிட வேண்டும். தம்பிக்கு இத்தாலிய மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

மொடேனாவின் பழைய நகருக்குள் மெர்காத்தோ அல்பினெல்லி என்றொரு கூரை போட்ட சந்தை இருக்கிறது. 1931-இல் திறந்தது. நடுவில் நீரூற்று, அதன்மேல் பழக்கூடையோடு ஒரு சிறுமி சிலை. வெளியே வெயில் 34 டிகிரி, காற்று அசையவே இல்லை. உள்ளே நுழைந்ததும் சீஸ் வாசனையும் பீச் பழ வாசனையும் சேர்ந்து வந்தன.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் விற்கும் கடையில் நின்றோம். 24 மாதம் பழுக்கவைத்தது கிலோ 22 யூரோ. முழு வட்டு ஒன்று 40 கிலோ எடை இருக்கும். அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். கடைக்கார அம்மா கத்தியால் வெட்டவில்லை. பாதாம் பருப்பு வடிவில் இருந்த குட்டை அலகைக் குத்தித் திருகினார்; சீஸ் தானாகப் பிளந்தது. பிளந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகள், பல்லில் நறநறவென்று கடிபட்டன. தம்பி தனக்கும் ஒரு துண்டு கேட்டான். பேச்சுவாக்கில் தான் சைவம் என்றான். நீட்டிய துண்டை அந்த அம்மா அப்படியே திரும்ப வைத்துவிட்டார். "உனக்கு யாரும் சொல்லவில்லையா? பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். எல்லா பார்மிஜானோவும் அப்படித்தான்."

போலோன்யா வந்த நாளிலிருந்து தினமும் பாஸ்தாவின்மேல் அதைத் துருவிப் போட்டுச் சாப்பிட்டு வந்தவன். முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாவுக்கே பாவமாகிவிட்டது. ஒரு பீச் பழத்தைப் பக்கத்துக் கடையில் வாங்கி அவன் கையில் வைத்தார்.

அடுத்த கடையில் மொஸ்தார்தா. பேரிக்காய், செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் முழுசாகச் சர்க்கரைப் பாகில் ஊறிக் கண்ணாடிபோல் மின்னுகின்றன. இனிப்பு என்று நினைத்து வாயில் போட்டால் ஒரு நொடி கழித்துக் கடுகுக் காரம் மூக்கில் ஏறுகிறது. கிரெமோனா ஊர்ச் சரக்கு. வேகவைத்த இறைச்சிக்கும் சீஸுக்கும் தொட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் செய்கிறவர்கள் கடுகு எசன்ஸை மருந்துக்கடையில் சொட்டுக் குப்பியில் வாங்குகிறார்களாம். தம்பி இதைத் தனியாக ஒரு ஜாடி வாங்கிக்கொண்டான். சீஸ் போன துக்கத்துக்கு ஈடு.

கதீட்ரல் பக்கத்துக் கடைகளில் டிரஃபிள் காளான் எண்ணெய் வரிசையாக நிற்கிறது. அதை வாங்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனைப் பொருள். லேபிளில் 'அரோமா' என்று இருந்தால் அதுதான். உள்ளே மிதக்கிற காளான் சீவல் அலங்காரத்துக்கு.

ஜூன் 11, புதன் – ஸ்பிலாம்பெர்ட்டோ

மொடேனாவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். இங்கே பால்சமிக் வினிகருக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 1967 முதல் இந்த மரபைக் கட்டிக்காக்கும் ஒரு சங்கமும் இந்த ஊரில்தான். மியூசியத்தைச் சீக்கிரம் பார்த்துவிட்டு, தம்பியின் பேராசிரியர் சொல்லி அனுப்பிய ஒரு வீட்டுக்குப் போனோம். எழுபது தாண்டிய பெரியவர். கை குலுக்கியதும் நேரே மாடிப்படியைக் காட்டினார்.

வினிகர் என்றால் நிலவறையில் குளுமையாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இது ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே, பரணில் இருக்கிறது. மேலே போனதும் வெயிலில் நிறுத்திய கார் கதவைத் திறந்த மாதிரி அனல். அந்த அனல் வேண்டும் என்றார். கோடையில் கொதிக்க வேண்டும், குளிர்காலத்தில் உறைய வேண்டும். அப்போதுதான் கோடையில் நீர் வற்றும், குளிரில் அடங்கித் தெளியும்.

பெரிதிலிருந்து சிறிதாகப் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒரு வரிசைக்குப் பெயர் பத்தேரியா. ஓக், செஸ்ட்நட், செர்ரி, முசுக்கொட்டை, ஜூனிப்பர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சதுரத் துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. துணியில் பழுப்பு வளையம் படிந்திருந்தது. அவர் துணியைத் தூக்கி மூக்கை வைக்கச் சொன்னார். பெரிய பீப்பாயில் முகர்ந்தால் இருமல் வந்தது. சின்னதுக்கு வர வர அந்தக் குத்தல் போய், உலர்ந்த திராட்சையும் வெந்த வெல்லமும் கலந்த வாசனை.

செய்முறை இதுதான். ட்ரெபியானோ, லம்ப்ருஸ்கோ திராட்சையைப் பிழிந்து, சாற்றைத் திறந்த அண்டாவில் மணிக்கணக்காகக் காய்ச்சிச் சுண்டவைக்கிறார்கள். அது பெரிய பீப்பாய்க்குப் போகும். வருஷத்துக்கு ஒருமுறை கடைசிச் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்தக் குறையை அதற்கு முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்பி, அதன் குறையை இன்னும் பெரியதிலிருந்து நிரப்பி, இப்படியே பின்னோக்கிப் போய் முதல் பீப்பாயில் புதிய சாறு ஊற்றுவார்கள். எதையும் மொத்தமாகக் காலி செய்வதே இல்லை. ஒரு வரிசையிலிருந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் கிடைத்தால் அதிகம் என்றார். ஒரு வரிசையில் அவர் பேத்தியின் பெயர் சாக்பீஸில் எழுதியிருந்தது. பெண் குழந்தை பிறந்தால் புது வரிசை தொடங்கி, கல்யாணத்தின்போது சீராகக் கொடுப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்.

அப்புறம் கீழே, சாப்பாட்டு மேசையில், ருசி பார்த்தல். முதலில் சூப்பர் மார்க்கெட்டில் 4 யூரோவுக்குக் கிடைப்பது. இது 'அச்செத்தோ பால்சமிக்கோ தி மொடேனா', ஐ.ஜி.பி. என்ற புவிசார் குறியீட்டு முத்திரை போட்டது. ஒயின் வினிகரும் திராட்சைச் சாறும் கலந்து, குறைந்தது 60 நாள் வைத்தால் போதும். நிறத்துக்குக் கேரமலும் சேர்க்கலாம். லேபிளில் முதல் பொருள் ஒயின் வினிகரா, திராட்சைச் சாறா என்று பார், சாறு முதலில் இருந்தால் பரவாயில்லை என்றார். அடுத்தது 'த்ரதித்ஸியோனாலே', அதைவிடக் கண்டிப்பான டி.ஓ.பி. முத்திரை. காய்ச்சிய சாற்றைத் தவிர இதில் வேறொன்றுமில்லை. குறைந்தது 12 வருஷம். 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25. சரக்கை அவரே புட்டியில் அடைக்கவும் முடியாது. ஐந்து பேர் கொண்ட குழு ருசி பார்த்துப் பாஸ் போட்ட பிறகு, அடியில் கட்டையும் மேலே உருண்டையுமான அந்த 100 மி.லி. புட்டியில் கூட்டமைப்புதான் அடைக்கும். புட்டியை வடிவமைத்தவர் ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ, கார்களுக்கு உருவம் கொடுத்தவர்.

பீங்கான் கரண்டியில் நாலு சொட்டு 12 வருஷத்தது. நாக்கில் தேன்போல நகர்ந்தது. புளிப்பும் இனிப்பும் மாறி மாறி வந்தன. விழுங்கின பிறகும் தொண்டையில் ரொம்ப நேரம் நின்றது.

"வீட்டில் எதோடு சாப்பிடுவாய்?" என்று கேட்டார்.

"சாலட்டில்" என்றேன்.

புட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன், முகத்தில் சிரிப்பில்லை. சாலட்டுக்கு அந்த 4 யூரோ போதும், அதைப் போய் வாங்கிக்கொள். இது ஸ்ட்ராபெரிக்கு, சீஸ் துண்டுக்கு, வெனிலா ஐஸ்கிரீமுக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய ரிசோத்தோ சோற்றுக்கு. தீயில் காட்டவே கூடாது. சொல்லிவிட்டு தம்பிக்கு ஸ்ட்ராபெரி நறுக்கிக் கொடுத்து மேலே மூன்று சொட்டு விட்டார். தம்பி அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

12 வருஷத்தது 50 யூரோ, வாங்கினேன். 25 வருஷத்தது 95. அதையும் ருசித்தேன். இன்னும் கெட்டி, இன்னும் இனிப்பு, கொஞ்சம் புகை. ஆனால் என் நாக்குக்கு அந்த 45 யூரோ வித்தியாசம் எட்டவில்லை, அவரிடமே சொன்னேன். "முதலில் இதை முடி. முடிக்க எத்தனை மாசம் ஆகிறதென்று பார். அப்புறம் வா" என்றார். ஒரு புட்டி கூடுதலாக விற்றுவிட வேண்டும் என்ற எண்ணமே அந்த ஆளுக்கு இல்லை.

ஜூன் 13, வெள்ளி – செத்தாரா

நேற்று முழுக்க ரயில். இரவு சலெர்னோ.

செத்தாரா அமால்ஃபி கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். சலெர்னோவிலிருந்து அரை மணி நேர பஸ் என்று எல்லோரும் சொன்னார்கள். பஸ் வந்தது, நிறைந்திருந்தது, நிற்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. டிரைவர் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு. அந்த வளைவுச் சாலையில் அது எனக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட்டை வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற எங்களிடம், காய்கறிப் பையோடு இருந்த ஒரு பாட்டி, "படகில் போங்கள், சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்" என்றார். பாட்டி சொன்னதே சரி. படகில் கால் வலிக்காமல், கடல் காற்றோடு போய் இறங்கினோம்.

ஓடு பதித்த குவிமாடத்தோடு ஒரு தேவாலயம், கரையில் ஒரு பழைய காவல் கோபுரம், சின்னக் கடற்கரை. ஊர் அவ்வளவுதான். மற்ற ஊர்களில் படகுகள் சுற்றுலாவுக்கு. இங்கே வலை காய்கிறது. இந்த ஊரின் சரக்கு கொலாத்தூரா தி அலீச்சி: நெத்திலி இனத்து மீனை உப்பிலிட்டு வடிக்கிற சாறு.

தொழிற்கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு குகை மாதிரி அறை. தம்பி வாசலோடு நின்றுவிட்டான். எலுமிச்சை கிரானித்தா வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் செய்துவிட்டு நான் உள்ளே போனேன். ஈரமான கல் தரை, மேசையில் வெள்ளி நிறத்தில் மீன். இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தலைக்குப் பின்னால் ஒரு கிள்ளு, ஒரு இழுப்பு. தலையும் குடலும் ஒன்றாக வந்துவிடுகின்றன, உடல் கிழிவதில்லை. கத்தி கிடையாது. பேச்சு நிற்கவே இல்லை, கையும் நிற்கவில்லை.

மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை சலெர்னோ வளைகுடாவில் இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கிற மீன்தான் இதற்கு ஆகும். தெர்சீன்யோ என்ற சின்ன செஸ்ட்நட் மரத் தொட்டியில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை கல்லுப்பு. மீனைத் தலைமாற்றி வாலுக்குப் பக்கத்தில் கழுத்து வருகிற மாதிரி அடுக்குகிறார்கள். நிரம்பியதும் மரத்தட்டால் மூடி, மேலே கடல் கற்களைப் பாரமாக வைக்கிறார்கள். சில நாளில் ஊறி மேலே வருகிற நீரை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைப்பார்கள். குறைந்தது 9 மாதம் கழித்து அதையே திரும்பத் தொட்டியில் ஊற்ற, மீன் அடுக்குகளின் ஊடே மெல்ல இறங்கி, அடியில் போட்ட துளை வழியே சொட்டுச் சொட்டாக வடியும். தேநீர் நிறம். 2020-இல் இதற்கும் டி.ஓ.பி. கிடைத்தது.

பழைய ரோமர்களின் காரும் என்ற மீன் சாற்றுக்கு இது வாரிசு. பக்கத்திலிருக்கும் பொம்பேயில் காரும் வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த உம்ப்ரீசியுஸ் ஸ்காவ்ருஸ் என்பவர் தன் வீட்டுத் தரையிலேயே தன் சரக்கு ஜாடிகளை மொசைக்காகப் பதித்து வைத்திருந்தார். விளம்பரத்தில் நமக்கு முன்னோடி.

மூலையில் உப்பு மூட்டைகள். ஒன்றில் 'த்ராபானி' என்று அச்சிட்டிருந்தது. அடுத்து நாங்கள் போகிற ஊர்.

மதியம் கடற்கரைக்கு ஒட்டிய ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் கொலாத்தூரா ஸ்பகெத்தி, 16 யூரோ. சாஸ் என்று எதுவும் கண்ணில் படவில்லை. பூண்டு, பார்ஸ்லி, மிளகாய், ஆலிவ் எண்ணெய், சாறு. அடுப்பில் ஏற்றாமல் வெறும் கிண்ணத்தில் கலந்து, வெந்த பாஸ்தாவை அதில் புரட்டுகிறார்கள். புட்டியைத் திறந்தால் கடல் நாற்றம் அடிக்கிற பொருள், தட்டில் வந்ததும் அதைக் காணோம். ஆழமான உப்புச் சுவை மட்டும். சீஸ் கேட்டேன். பரிமாறியவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். அப்போதும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் மெதுவாகத் தண்ணீர் கேட்டது மட்டும் கேட்டது. (தம்பிக்குத் தக்காளி பாஸ்தா. அதிலும் சீஸ் வேண்டாம் என்று இப்போது அழுத்திச் சொல்கிறான்.)

கடையில் 100 மி.லி. 18 யூரோ. எத்தனை கை பட்டு, எத்தனை மாதம் ஆகிறது என்று பார்த்தபின் இது எனக்குச் சல்லிசாகவே பட்டது. காகிதத்தில் சுற்றும் முன் கடைக்காரப் பெண் கேட்டார்: "பாஸ்தா வேகிற தண்ணீரில் உப்புப் போடுவாயா?" மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் சுற்றினார். ஆளுக்கு ஒரு ஸ்பூன், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

ஜூன் 14, சனி – செத்தாரா

காலையில் மழை கொட்டித் தீர்த்தது. பத்து மணிக்கு மேல் எலுமிச்சைத் தோட்டப் படிகளில் ஏறினோம். ஸ்ஃபுசாத்தோ என்ற நீள எலுமிச்சை. தோல் தடிப்பு, புளிப்பு குறைவு. தோட்டக்காரர் தோலோடு வட்டமாக அரிந்து உப்புத் தூவி நீட்டினார். அப்படியே கடித்துத் தின்னலாம். தம்பிக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த சாப்பாடு இதுதான், அதுவும் இலவசம்.

ஜூன் 16, திங்கள் – த்ராபானி

சிசிலியின் மேற்கு முனை. ஊருக்குத் தெற்கே நூபியா வரைக்கும் உப்பளம். 12-ஆம் நூற்றாண்டிலேயே அரபு நிலவியலாளர் அல் இத்ரீசி இந்த உப்பளத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். இன்று அது பறவைகள் காப்பிடமும்கூட. தூரத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீரில் நட்டுக்கொண்டு நின்றன.

கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு நகர நகர அடர்த்தி ஏறுகிறது. கடைசிப் பாத்திகள் ரோஜா நிறம். உப்பு முற்றிய நீரில் மட்டும் வளரும் பாசியின் வேலை. தண்ணீரை ஏற்றவும் உப்பை அரைக்கவும் காற்றாலைகள் இருந்தன. சில இன்னும் நிற்கின்றன. உப்பு வாருவது ஜூலையில்தான் தொடங்கும் என்பதால் எங்களுக்குப் போன வருஷத்துக் குவியல்கள் மட்டும் வாய்த்தன. மழைக்குக் கரையாமல் இருக்க வீட்டு ஓடுகளை வரிசையாக மேலே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கே கிலோ உப்பு 2 யூரோ. இதே ஊர் உப்பு வெளியூர்களில் அழகான டப்பாவில் ஏறினால் என்ன விலைக்குப் போகிறது என்று உப்பளக்காரரிடம் தம்பி சொன்னான். அவர் நம்பவில்லை. போனில் ஒரு கடைப் பக்கத்தைக் காட்டினோம். பார்த்துவிட்டு, "டப்பா நன்றாக இருக்கிறது" என்றார்.

ராத்திரி தம்பிக்கு விருந்து. த்ராபானி பெஸ்தோ என்ற துவையலில் பாதாம், தக்காளி, துளசி இனத்து பேசில், நூபியாவின் சிவப்புப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், எல்லாம் உரலில் இடித்தது. புசியாத்தே என்ற முறுக்கிய பாஸ்தாவில் புரட்டி, மேலே பொரித்த கத்தரிக்காய். 11 யூரோ. முட்டை இல்லை, சீஸும் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். பூண்டு அப்படியொரு காரம். மறுநாள் மதியம்வரை எங்களோடு பேசியவர்கள் அரை அடி தள்ளியே நின்றார்கள்.

ஜூன் 17, செவ்வாய் – இன்னும் த்ராபானி

பாந்தெல்லேரியாவுக்குக் கப்பல் நேற்று நள்ளிரவு கிளம்பியிருக்க வேண்டும். பெட்டியோடு போய் நின்றால் கவுன்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ரத்து. ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பெண் விரலை மேலே காட்டிச் சுழற்றினார். வடமேற்குக் காற்று. எப்போது கிளம்பும்? தோளைக் குலுக்கினார். பணம்? இன்னொரு கவுன்டர். அது திறப்பது காலை ஒன்பதுக்கு. ஒன்பதுக்குப் போனால் இணையத்தில் போடுங்கள் என்றார்கள். இணையம் எங்கள் முன்பதிவையே தெரியாது என்றது. அந்தப் பணம் இதை எழுதுகிற வரை வரவில்லை.

ஊர்க்காரர்கள் யாரும் கோபப்படவில்லை. தீவுக்கு மருந்து கொண்டுபோகிற ஒருவர் பெஞ்சில் நிம்மதியாகத் தூங்கினார். நாங்கள் நாளைய சின்ன விமானத்தில் இரண்டு இடம் பிடித்துவிட்டு, மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் சாப்பிடப் போனோம்; அதாவது நான் போனேன். ரவையைத் தண்ணீர் தெளித்துக் கையால் உருட்டி, மண் பானையின்மேல் ஆவியில் வேகவைக்கிறார்கள். பானைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஆவி போகாமல் மாவை ஒட்டுகிறார்கள். எதிர்க்கரை துனிசியா என்பது இந்தத் தட்டில் தெரிகிறது.

ஜூன் 19, வியாழன் – பாந்தெல்லேரியா

சிசிலியிலிருந்து 100 கிலோமீட்டர், துனிசியாவிலிருந்து 70. கறுப்பு எரிமலைப் பாறைத் தீவு. கற்சுவர், கற்சுவர், எங்கே பார்த்தாலும் கற்சுவர். காற்று நிற்பதே இல்லை. அதனால் இங்கே எதுவும் உயரமாக வளர்வதில்லை. திராட்சைக் கொடியைக் குழி தோண்டி அதற்குள் குட்டைப் புதராக வளர்க்கிறார்கள். அந்த முறையை 2014-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீட்டில் ஒரே ஒரு ஆரஞ்சு மரத்துக்காக ஆள் உயரத்துக்கு மேல் வட்டமாகக் கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். கூரை கிடையாது, உள்ளே போக ஒரு குட்டிக் கதவு. ஒரு மரத்துக்கு இவ்வளவா என்றால், வீட்டில் வயதானவர்களுக்கு ஆரஞ்சு வேண்டாமா என்று பதில் வந்தது.

வந்தது கேப்பருக்காக. காலை ஐந்தரைக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா முந்தின ராத்திரியே சொல்லிவிட்டார். செடி தரையோடு படர்கிறது. நாம் சாப்பிடுவது பூமொட்டு. மே முதல் ஆகஸ்ட் வரை, எட்டுப் பத்து நாளுக்கொரு முறை அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒரு சுற்று தவறினால் மொட்டு விரிந்துவிடும். வெள்ளை இதழ், ஊதா நிறக் கேசரங்கள் நீட்டிக்கொண்டு, அவ்வளவு அழகான பூ. அதைக் கண்டால் அந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, பூத்தது நஷ்டம்.

நானும் குனிந்து பறித்தேன். சின்ன மொட்டுக்குத்தான் விலை, ஆனால் கை தானாகப் பெரியதைத் தேடுகிறது. ஏழு மணிக்கு இடுப்பு போயிற்று, எட்டு மணிக்கு வெயில் ஏறியது. என் கிண்ணத்தின் அடிகூட மூடவில்லை. அம்மாவின் இடுப்பில் கட்டிய பை கனத்துத் தொங்கியது. என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய மொட்டுகளை எடுத்துத் தனியே போட்டார். "இது வீட்டுக்கு" என்றார். விற்க லாயக்கில்லை என்று அர்த்தம்.

பச்சை மொட்டு ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். துப்பிவிட்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தேன், கசப்பு போகவில்லை. கல்லுப்பில் புரட்டித் தொட்டியில் போட்டு, தினமும் கிளறிவிட்டு, பத்து நாள் கழித்து ஊறிய நீரை வடித்து, மறுபடி உப்பு போடுகிறார்கள். அப்போதுதான் கசப்பு இறங்கிக் கடுகு மாதிரி ஒரு நெடி எழும்பும். கடுகும் கேப்பரும் தாவரவியலில் நெருங்கிய சொந்தம். நம்மூர் வேலிகளில் முள்ளோடு படரும் ஆதொண்டையும் இதே இனம். அதன் காயில் வற்றல் போடுகிறவர்கள் இன்னும் உண்டு. தம்பிக்கு அது தெரியாது. எங்கள் பாட்டி போடுவாள் என்றதும், ஊர் பேரெல்லாம் கேட்டுக்கொண்டு போனில் குறித்துக்கொண்டான்.

இந்தக் கேப்பருக்கு 1996-இலேயே ஐ.ஜி.பி. கிடைத்தது. இருந்தும் பாதித் தோட்டங்கள் புல் மண்டிக் கிடக்கின்றன. உலகச் சந்தையில் மொராக்கோ, துருக்கிச் சரக்கு மலிவு. இங்கே குனிய ஆளில்லை. அம்மாவின் மகன் மிலானில் வேலை பார்க்கிறான். கோடைக்கு வருவான், பறிக்க மாட்டான்.

மதியம் பாந்தெல்லேரியா சாலட். வேகவைத்த உருளைக்கிழங்கு, தக்காளி, சிவப்பு வெங்காயம், ஆலிவ், ஓரிகானோ, நிறைய கேப்பர், எண்ணெய். தம்பி இரண்டு தட்டு. சாப்பிட்டபின் பாசீத்தோ: வெயிலில் உலர்த்திய ஜிபிப்போ திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின், விரல் உயரக் கிளாஸில். தம்பி படித்துறையிலேயே தூங்கிவிட்டான்.

விலை கால் கிலோ 8 யூரோ. வினிகரில் மிதக்கிற கேப்பரை இனி வாங்க மாட்டேன்; அதில் வினிகர்தான் தெரிகிறது. இரண்டு கிலோ கேட்டேன். "எத்தனை பேர் வீட்டில்?" என்றார் அம்மா. நாலு பேர் என்றதும் ஒரு கிலோவை மட்டும் அளந்தார். சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தம்பி மன்றாடியபின் இன்னொன்று கிடைத்தது.

ஜூன் 22, ஞாயிறு – பலெர்மோ விமான நிலையம்

காலையில் கடலை மாவுப் பொரியலான பனெல்லே, ரொட்டிக்குள் வைத்து, 3 யூரோ. தம்பி போலோன்யாவுக்கு, நான் ரோம் வழியாகச் சென்னைக்கு. பாதுகாப்புச் சோதனைவரை சேர்ந்தே போனோம்.

வினிகரும் மீன் சாறும் தலா 100 மி.லி., கைப்பையில் சரியாக எல்லைக்குள். அதிகாரி அவற்றைப் பார்க்கவேயில்லை. கேப்பர்தான் மாட்டியது. இரண்டு கிலோ, உப்போடு, திரையில் கன்னங்கரேல் என்று தெரிந்திருக்க வேண்டும். பையைத் திறந்தார், பொட்டலத்தைத் தூக்கினார், கட்டியிருந்த சீட்டைப் படித்தார். "பாந்தெல்லேரியா" என்று பக்கத்து வரிசை அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த ஆளும் தன் வரிசையை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஒருவர் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்றார். மற்றவர் தலையில் அடித்துக்கொண்டார். அரை மணி நேரம், தண்ணீரை இரண்டு தரம் மாற்றினால் போதும், ராத்திரி முழுக்க ஊறினால் சக்கை. என் அம்மா வெறுமே அலசுவாள் என்று பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னார். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது.

"இதை வைத்து என்ன சமைப்பாய்?" என்று முதல் அதிகாரி கேட்டார்.

வத்தக்குழம்பு என்றேன். தம்பி ரொம்ப நேரம் விளக்கினான். புளி, நல்லெண்ணெய், கடுகு, பூண்டு, மேலே சோறு. இரண்டு பேரும் கவனமாகக் கேட்டார்கள்.

"தக்காளி உண்டா?"

"கொஞ்சம்."

"அப்படியானால் குழம்புக்கு வேறு உப்புப் போடாதே" என்று சொல்லி ஜிப்பை மூடிப் பையைத் தள்ளிவிட்டார்.